பதினோரு மொட்டைகள்

ஆலங்கண்டிகை,
பள்ளிப்பட்டு அஞ்சல், சித்தூர் ஜில்லா.
22-1-1956

தம்பி சம்பத்துக்கு அக்கா யசோதா எழுதுவது. நீயும் தாட்சாயணியும் குழந்தை இளவழகனும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நாங்கள் இருக்கிறோம்.

வருகிற பங்குனியில் இந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் திருப்பதியில் மொட்டை. இவர்கள் வழக்கம் உனக்குத் தெரியும். தனித்தனியாகப் போக மாட்டார்கள். பங்காளிகள் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக, வண்டி கட்டிக்கொண்டுதான் போவார்கள். என் வீட்டுக்காரர் செத்ததிலிருந்து தள்ளித் தள்ளிப் போட்டதில் பதினோரு பிள்ளைகள் சேர்ந்துவிட்டன. பையன்களெல்லாம் பின்னல் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். வாத்தியார் ஜடைநாகம் என்று கூப்பிடுகிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் செங்கம்மாவை அழைத்துப் போவார்களாம். மகன் நாகேந்திரனை வேண்டாம் என்கிறார் என் வீட்டுக்காரரின் அண்ணன் வேதாச்சலம். ஏன் என்று கேட்டேன். 'வவுத்துல இருக்கச்சே அப்பனைத் துன்னவன். நல்ல காரியத்துக்கு எதுக்கு? உள்ளூர்லயே சிரைச்சுடு' என்றார். நாலு வயசுப் பிள்ளையைப் பற்றிய பேச்சு இது. வீட்டில் அவனுக்குச் சோறு மாட்டுக்கொட்டகை ஓரத்தில்தான். மற்ற பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதை அங்கிருந்து பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். நானும் வீட்டிலேயே இருந்து மாடு கன்று பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

மொட்டைக்கும் காதுகுத்துக்கும் தாய்மாமன் மடி வேண்டும். தாய்மாமன் நீ வந்து நின்று 'என் மடியில் உட்கார என் அக்கா மகன் வருவான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் வேதாச்சலத்தால் மறுக்க முடியாது. உன்னிடம் கேட்பது அந்த ஒரு வார்த்தைதான். சாக்குச் சொல்லாமல் எழுது.

உன் அக்கா,
யசோதா

*

ராயபுரம், சென்னை.
9-2-1956

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. இங்கு நாங்கள் சுகம். அச்சகத்தில் வேலை கழுத்து வரை இருக்கிறது. எல்லைப் பிரச்சினை பற்றி நாளொரு பிரசுரம். உங்கள் ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்ற அறிக்கைக்குப் பிழை திருத்தியவன் நான்தான்.

அக்கா, நீ எட்டாவது வரை படித்தவள். தலைமயிரைக் கடவுளுக்குக் கொடுப்பது, அதற்கு ஒரு மாமன் மடி, இதெல்லாம் என்ன? கூட்டங்களில் இதை எதிர்த்துப் பேசுகிறவன் நான். நானே மலையேறி மடி விரித்து உட்கார்ந்தால் தோழர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? நாகுவுக்கு முடி பாரமாக இருந்தால் உள்ளூரிலேயே வெட்டிவிடு. வேதாச்சலம் சொன்ன காரணம் மூடத்தனம். ஆனால் சொன்ன முடிவில் தவறில்லை.

பிள்ளையை ஒதுக்கி வைப்பது கொடுமைதான். விதவைகளின் உரிமை பற்றிப் போன வாரம் ஒரு மணி நேரம் பேசினேன். நல்ல கைதட்டல்.

இளவழகனுக்கு வேர்க்குரு. அதனால் தலையை மழித்துவிட்டோம். மற்றபடி நலம். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி,
சம்பத்

*

ஆலங்கண்டிகை
17-2-1956

தம்பிக்கு. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். பார்த்தேன், இருக்கிறது.

சாமி இருக்கிறதா இல்லையா என்று உன்னை நான் கேட்கவில்லை. எனக்கே அதில் தீர்மானம் கிடையாது. இருந்திருந்தால் முப்பது வயசில் ஒரு மனுஷனைப் பாம்பு கடிக்க விட்டிருக்காது. நான் கேட்டது வேறு. பதினோரு பிள்ளைகள் வண்டியேறும்போது பத்துப் பேரை ஏற்றிவிட்டு ஒருவனை இறக்கிவிட்டால், அவன் வாழ்நாள் முழுக்க இறங்கித்தான் நிற்பான். நாளைக்குப் பந்தியில், நிலத்தில், கல்யாணத்தில் எல்லா இடத்திலும் 'இவன் மலைக்கு வராதவன்' என்பார்கள். உன் கொள்கை எனக்குப் புரிகிறது. அதற்கு விலை கொடுப்பவன் என் மகன் என்பது உனக்குப் புரிகிறதா?

உனக்குக் கைதட்டியவர்களில் ஒருவரை அனுப்பு. அவர் மடியிலாவது உட்கார வைக்கிறேன்.

இங்கே ஆண்கள் எல்லாரும் எல்லை, எல்லை என்று அலைகிறார்கள். மல்லாட்டைக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆள் இல்லை. நானும் என் ஓரகத்தி, வேதாச்சலம் மனைவி பொன்னியம்மாளும் ஏற்றம் இறைக்கிறோம். எல்லைக் கோட்டை எந்தப் பக்கம் போட்டாலும் அடுப்பு எங்கள் பக்கம்தான்.

தை மாதத்தில் வேர்க்குரு வருகிற ஊரா சென்னை? குழந்தைக்குச் சந்தனம் தடவு.

யசோதா

*

ராயபுரம்
5-3-1956

அண்ணிக்கு தாட்சாயணி நமஸ்காரம். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன், பதில் போட வேண்டாம். நீங்கள் சௌக்கியமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பதில் எழுத உட்காருவார், கிழித்துப் போடுவார்.

இளவழகனுக்கு வேர்க்குரு இல்லை அண்ணி. தை மாதம் என் பிறந்த வீட்டாரோடு திருப்பதி போய் வந்தோம். என் அண்ணன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை அடித்தது. என் அப்பா சொன்னால் இவரால் தட்ட முடியாது, அச்சகத்தில் வேலை வாங்கித் தந்தவர் அவர். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு படி முழுக்க ஏறியவரும் இவர்தான். திரும்பும்போது ரயிலில், 'யாராவது கேட்டால் வேர்க்குரு என்று சொல்' என்றார்.

கெட்டவர் இல்லை, பயந்தவர். உங்களுக்கு ஒன்று எழுதுகிறவர் எனக்கு ஒன்று சொல்கிறாரே என்றுதான் ஆறவில்லை. நாகுவை விட்டுவிடாதீர்கள்.

தாட்சாயணி

*

ஆலங்கண்டிகை
14-3-1956

சம்பத்துக்கு. எல்லாரும் நலம்தானே. பங்குனி பதினைந்தில் வண்டி கட்டுகிறார்கள். நீ வர வேண்டாம். கேட்டதை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். குழந்தை தலையில் முடி வளர்ந்ததா?

யசோதா

*

புத்தூர் சத்திரம்
30-3-1956

தம்பி சம்பத்துக்கும் தாட்சாயணிக்கும் யசோதா எழுதுவது. எல்லாரும் நலமாக இருங்கள். நான் நலம் என்பதைவிட ஒரு படி மேலே இருக்கிறேன்.

எங்கிருந்து எழுதுகிறேன் என்று மேலே பார். நான் திருப்பதிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். முதல் வண்டியை ஓட்டுவது நான்.

நடந்ததைச் சொல்கிறேன். வண்டி கிளம்ப இருந்த நாளுக்கு முந்தின நாள் சித்தூரிலிருந்து ஆள் வந்தது. கலெக்டர் கச்சேரியில் மனுக் கொடுக்க ஊருக்குப் பத்துப் பேர் வர வேண்டுமாம். வேதாச்சலமும் அவர் தம்பியும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். 'மொட்டையை ஆவணிக்குத் தள்ளிப் போடு' என்று பொன்னியம்மாளிடம் போகிற போக்கில் சொன்னார்.

பொன்னியம்மாளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். விடிந்ததும் பார்க்கிறேன், இரண்டு வண்டியிலும் வைக்கோல் போட்டுக் கொண்டிருக்கிறாள். இந்த வீட்டில் வண்டி நுகத்தில் மஞ்சள் துணி கட்டிவிட்டால் மலையைப் பார்க்காமல் அவிழ்க்கக் கூடாது. முந்தின நாளே கட்டியாகிவிட்டது. 'துணி கட்டினது நானு. மனு எழுதினது அவரு. அவரு வேலையை அவரு பாக்கட்டும்' என்றாள். நடு ஓரகத்தி மணியம்மா பிரசவித்துப் பத்து நாள்தான் ஆகிறது. அவள் தன் ஐந்து பிள்ளைகளையும் ஏற்றிவிட்டு வீட்டில் தங்கிக்கொண்டாள்.

பின் வண்டிக்குப் பண்ணையாள் கிருஷ்ணப்பா இருந்தார். முன் வண்டிக்கு ஆள் இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள்.

'புத்தூர் சந்தைக்கு உன் ஊட்டுக்காரன் கூட வண்டியில போவியே. ஓட்டத் தெரியுமில்ல?'

'தெரியும். ஆனா நான் முன்னாடி உக்காந்தா...'

'உக்காந்தா என்னா? மாடு மொறைக்குமா? ஏறுடி.'

ஏறவில்லை நான். நாகு மாட்டுக்கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தான். அழக்கூட இல்லை. அவன் நிற்கிற பழக்கம் அது. அப்போது அக்காவின் கடைக்குட்டி வெங்கடரமணன் வண்டியிலிருந்து குதித்து ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்தான். இரண்டும் ஒரே உயரம், இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பின்னல். இருவரும் வந்து சக்கரத்தருகில் நின்றார்கள். அக்கா ஒரு கையில் ஒருவன், மறு கையில் ஒருவன் என்று பிடித்து, மூட்டை போடுவது போல் உள்ளே போட்டாள். 'பதினொண்ணு. ஓட்டு' என்றாள்.

தெருமுனையில் எதிரே வந்த பெண்கள் என்னைப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தி, 'பொன்னீ, நல்ல காரியத்துக்குப் போறப்போ முன்னாடி யாரை வச்சிக்கினு போற?' என்று கேட்டாள். 'வண்டி ஓட்டத் தெரிஞ்சவளை வச்சிக்கினு போறேன். நீ வந்து ஓட்டுறியா?' என்றாள் அக்கா. பதினோரு பிள்ளைகளும் 'கோவிந்தா' என்று கத்தின. அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் காதில் விழவில்லை.

சம்பத், இத்தனை பிள்ளைகளோடு நீ வழிப்பயணம் போனதில்லை. நகரி ஆற்று மணலில் சக்கரம் புதைந்தது. எல்லாரையும் இறக்கித் தள்ளச் சொன்னோம். தள்ளுவதாகச் சொல்லிக்கொண்டு பாதிப் பேர் சக்கரத்தில் தொங்கினார்கள். வண்டி மையை எடுத்து முகத்தில் மீசை வரைந்துகொண்டார்கள், பெண் பிள்ளைகளும்தான். வண்டியின் பின்னால் காலைத் தொங்கப் போட்டு உட்காரும் இடத்துக்கு அடிதடி. ஒருவனை இறக்கி ஒன்றுக்குப் போகவிட்டால் ஏறும்போது இன்னொருவனுக்கு வரும். மூன்று நாளுக்குக் கட்டிய புளிச்சோறு முதல் நாள் மத்தியானமே தீர்ந்தது. ஏகாம்பரகுப்பத்தில் மஞ்சள் துணியைப் பார்த்துவிட்டு ஒரு நெசவாளர் வீட்டில் கேப்பைக்கூழும் வெங்காயமும் கொடுத்தார்கள். யார் எவர் என்று கேட்கவில்லை. குடிக்கிறவர்களை மட்டும் எண்ணிக்கொண்டார்கள்.

இந்தச் சத்திரத்துக்காரர் அப்படி இல்லை. என் வெள்ளைப் புடவையையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஆண் துணை யாரும் இல்லையா என்று தெலுங்கில் கேட்டார். அக்கா தமிழிலேயே பதில் சொன்னாள்: 'ஏழு ஆம்பிளைங்க கீறாங்க. எண்ணிப் பாத்துக்கோ.' வைக்கோலில் உருண்டுகொண்டிருந்த பையன்களைக் காட்டினாள். பிறகு சத்திரத்துக்காரர் கிருஷ்ணப்பாவின் சாதியைக் கேட்டுவிட்டு, அவர் வாசலுக்கு வெளியேதான் தங்க வேண்டும் என்றார். 'அப்படின்னா நாங்களும் வெளியதான்' என்று நான் சொன்னேன். தெலுங்கில் சொன்னேன், நன்றாகவே புரியட்டும் என்று. பதினோரு பிள்ளைகளும் அவர் வாசலை அடைத்துக்கொண்டு வழியில் வாங்கிய பொரி மூட்டையைப் பிரித்ததும் தாழ்வாரத்தைத் திறந்துவிட்டார். கிருஷ்ணப்பாவும் உள்ளேதான் இருக்கிறார்.

நாகு இப்போது ரமணன் வயிற்றின் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்குகிறான். ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

யசோதா

*

திருச்சானூர்
2-4-1956

தம்பிக்கு. உங்கள் மூவர் சுகத்தையும் விசாரித்ததாக வைத்துக்கொள். எழுத நிறைய இருக்கிறது, அதனால் நேராக மலைக்கு வருகிறேன்.

வண்டிகளை அடிவாரத்தில் கிருஷ்ணப்பாவிடம் விட்டுவிட்டு மலை பஸ்ஸில் ஏறினோம். வளைவுக்கு வளைவு ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. நாகு மட்டும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, 'மாடு இல்லாமப் போவுது' என்று சிரித்துக்கொண்டே வந்தான்.

பொன்னியக்காவின் தம்பி செங்கல்வராயன் மேலே எங்களுக்காகக் காத்திருந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர்தான் மாமன் மடி என்று வேதாச்சலம் ஏற்பாடு செய்து வைத்திருந்தாராம். புது வேட்டி, புதுச் சட்டை. நாகுவைப் பார்த்ததும் முகம் மாறியது. 'இவனும் வந்துட்டானா? மச்சான் இவனைச் சொல்லலியே' என்றார். அக்கா அப்போது வாந்தித் துணி அலசப் போயிருந்தாள்.

நாகுவின் கையைப் பிடித்துக்கொண்டு மொட்டை அடிக்கும் கல்யாணக்கட்டாவுக்குள் போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்த நாவிதர்களில் வயதானவர் ஒருவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர் என் புடவையைப் பார்த்தார், கிண்ணத்துத் தண்ணீரை எடுத்து என் தலையில் தெளிக்க வந்தார். வெள்ளைப் புடவைக்காரி தன் தலையைக் கொடுக்கத்தான் வந்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எத்தனை பேரைப் பார்த்திருப்பார்.

'எனக்கில்லை. என் மகனுக்கு' என்று தெலுங்கில் சொல்லி நாகுவை மடியில் உட்கார வைத்தேன்.

'மேனமாமா எக்கட?' என்று தாய்மாமனைக் கேட்டார்.

'லேடு' என்றேன். இல்லை என்று சொல்ல எனக்கு நாக்குக் கூசவில்லை, சம்பத்.

அவர் கத்தியை வைத்துக்கொண்டு யோசித்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. 'பத்து மாசம் இருந்த மடிதான் இது. இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்தா என்ன?' என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். நாகுவின் பின்னலை அவிழ்த்துத் தண்ணீர் தெளித்தார். பையன் கல் போல உட்கார்ந்திருந்தான். கடைசி முடி விழுந்ததும் தலையைத் தடவிப் பார்த்து, 'காத்து வருது' என்றான்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். செங்கல்வராயன் பக்கத்தில் உட்கார்ந்து ரமணனைத் தன் மடியில் இழுத்தார். வருஷத்துக்கு ஒரு முறை வருகிற மாமா. பையன் அலறினான், கையைக் கடித்தான், தப்பித்து வந்து என் மடியில் விழுந்தான். மூன்று நாளாக வண்டி ஓட்டும்போது அங்கேதானே உட்கார்ந்து வந்தான்? 'சின்னம்மா மடியிலதான்' என்று ஒட்டிக்கொண்டான். அவனைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து அடுத்தது. வரிசை நின்றுவிட்டது. துணி அலசி முடித்து வந்த பொன்னியக்கா நிலைமையைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். 'நீ புது வேட்டி. கறை பட்டுடும். போய் லட்டு வாங்கு' என்றாள்.

பதினோரு பிள்ளைகளுக்கும் என் மடியில்தான் மொட்டை. நடுவில் என் கால் மரத்துப் போனது. நாவிதர் தன் கால் பலகையைக் கொடுத்தார். முடிந்து எழுந்தபோது என் வெள்ளைப் புடவை தெரியவே இல்லை. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே கறுப்பு. நான் உதறவில்லை. அப்படியே பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு குளத்துக்கு நடந்தேன்.

உள்ளே போய்ச் சாமியைப் பார்த்தேனா என்று நீ கேட்பாய். பார்த்தேன். கூட்டத்தில் பிள்ளைகள் தலையை எண்ணிக்கொண்டே போனதில், எப்போது அவர் முன்னால் வந்தேன், எப்போது தாண்டினேன் என்று தெரியவில்லை.

யசோதா

*

ராயபுரம்
16-4-1956

அன்புள்ள அக்காவுக்கு. வீட்டில் அனைவரும் சுகமாக வந்து சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் இரண்டு கடிதங்களையும் தாட்சாயணி சத்தமாக வாசித்தாள். சில இடங்களை இரண்டு தடவை வாசித்தாள். அந்த இடங்களில் என் பக்கம் பார்த்தாள்.

நீ செய்தது பெரிய காரியம். எங்கள் பத்திரிகையில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம் என்று இருக்கிறேன். கிராமத்து விதவையின் புரட்சி என்று தலைப்பு. உன் பெயரைப் போடலாமா?

காதுகுத்து எப்போது? சொன்னால் அச்சகத்தில் விடுப்புக் கேட்டுப் பார்க்கிறேன்.

இளவழகனுக்கு முடி வளர்ந்துவிட்டது.

சம்பத்

*

ஆலங்கண்டிகை
24-4-1956

தம்பிக்கு. எல்லாரும் சுகம். பதினோரு தலையிலும் முள் முள்ளாக முடி முளைத்திருக்கிறது. தடவினால் கை கூசுகிறது. தாட்சாயணிக்கு என் அன்பைச் சொல்.

ஆண்கள் எங்களுக்கு நாலு நாள் கழித்துத்தான் வந்தார்கள். கலெக்டர் ஊரில் இல்லையாம். மனுவை ஒரு குமாஸ்தா வாங்கி வைத்துக்கொண்டாராம். நம் ஊர் எந்த ராஜ்யம் என்று இன்னும் தெரியாது.

வேதாச்சலம் வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் களத்தில் வண்டி விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். எல்லாத் தலையிலும் சந்தனம் அப்பியிருந்தது. மஞ்சள் மஞ்சளாக ஒரே மாதிரிப் பதினோரு உருண்டைகள். பெற்ற எனக்கே செங்கம்மாவைப் பாவாடையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. அவர் தெருவிலேயே யாரிடமோ விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கோபத்தோடுதான் வந்தார். ஆனால் இரண்டு வாரமாகப் பார்க்காத பிள்ளைகள். வாசலில் நின்றபடியே, 'டேய் ரமணா, நைனா வந்துட்டேன்டா' என்று முன்னால் ஓடிய ஒரு மொட்டையை எட்டிப் பிடித்துத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

அது நாகு.

பிறந்ததிலிருந்து அவனை எந்த ஆண்பிள்ளையும் தூக்கியதில்லை. தோள் எவ்வளவு உயரம் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு அவருடைய இரண்டு காதையும் மூக்கணாங்கயிறு மாதிரிப் பிடித்துக்கொண்டு, 'ஹேய், ஹேய்' என்று ஓட்ட ஆரம்பித்தான். மற்றவை எல்லாம் பின்னால் ஓடின. அவர் சிரித்துக்கொண்டே களத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

பொன்னியக்கா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள். 'யாரைத் தூக்கிக்கினு கீறீங்க, பாத்தீங்களா?' என்றாள்.

அவர் நின்றார். தலையைத் திருப்பிப் பார்த்தார். நிஜமான ரமணன் கீழே அவர் வேட்டியை இழுத்து, 'அடுத்தது நானு' என்று கத்திக்கொண்டிருந்தான். அவர் கை தளர்ந்ததை நான் பார்த்தேன். நாகு விடவில்லை. காதை இன்னும் இறுக்கிப் பிடித்து, 'போ' என்றான்.

நான் ஓடிப்போய் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அக்கா எதிர்பார்த்தாளோ என்னவோ. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

'எல்லாம் ஒரே மாதிரி கீதுங்க' என்றார் வேதாச்சலம். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு அடுத்த சுற்றுக்கு நடந்தார்.

அன்றைக்கு அக்கா இலை போட்டபோது பதினோரு இலையையும் ஒரே வரிசையில் போட்டாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு உப்புக் கேட்டார். அதிலிருந்து தினமும் அப்படித்தான். என்னிடம் அவர் இன்னும் பேசவில்லை. ஆனால் மல்லாட்டை மூட்டையைப் புத்தூர் சந்தைக்கு யார் கொண்டுபோவது என்ற பேச்சு வந்தபோது, 'வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்க யாராச்சும் போங்க' என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

கட்டுரை எழுது. என் பெயரையும் போடு, எனக்குப் பயமில்லை. ஆனால் வேர்க்குருவையும் சேர்த்து எழுது. அது இல்லாமல் என் பெயர் வரக்கூடாது.

காதுகுத்து முடிந்துவிட்டது. திருச்சானூரிலேயே, என் மடியிலேயே.

இப்போது பிள்ளைகளுக்குக் கடல் பார்க்க வேண்டுமாம். சூளூர்பேட்டைப் பக்கம் ஏரியும் கடலும் சேர்ந்து கிடக்கிறது என்று கிருஷ்ணப்பா சொல்லிவைத்துவிட்டார். திருப்பதியைவிட அதிக தூரம். பொன்னியக்கா வைகாசியில் போகலாம் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் இன்னும் யாரையும் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. தாட்சாயணியையும் இளவழகனையும் அனுப்பு. நீயும் வருவதானால் வா. முன்னால் இடம் கிடையாது, அங்கே நான். பின்னால் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காரலாம். அந்த இடத்துக்குத்தான் எப்போதும் சண்டை, ஆகையால் நாகுவிடம் இப்போதே சொல்லி வைத்துக்கொள்.

உன் அக்கா,
யசோதா